கூழைக்கடாவைப் படமெடுக்கப் போனவர்

மார்கழி பிறந்துவிட்டால் நாஞ்சில் நாட்டில் கல்யாணம் கிடையாது. ஆனால் சாவுக்கு மாதமும் நாளும் யார் பார்க்கிறார்கள்? பனியும் வாடைக்காற்றும் சேர்ந்து இறங்கும்போது, இழுத்துக்கொண்டு கிடக்கிற கிழடுகள் ஒவ்வொன்றாகக் கண்ணை மூடும். அதனால் நாகர்கோவிலில் மற்ற ஸ்டூடியோக்காரர்கள் கடையைப் பாதி சாத்திவிட்டுச் சீட்டாடுகிற அந்த மாதத்தில், மீனாட்சிபுரத்து பூதலிங்கத்துக்கு மட்டும் மூச்சுவிட நேரம் இருக்காது. பிணப்படம் எடுக்க அவரை விட்டால் ஆள் இல்லை என்று ராஜாக்கமங்கலம் முதல் பூதப்பாண்டி வரை பேச்சு.

அந்தப் பேர் அவர் கேட்டு வாங்கியதல்ல. சுதந்திரம் வந்த வருஷம், ஊருக்குக் கப்பலேறிய ஒரு வெள்ளைக்காரத் தோட்டத்துரையிடமிருந்து மரப்பெட்டிக் காமிராவை வாங்கிக் கடை திறந்தார். முதல் கிராக்கியாக வந்தது ஒரு சாவு வீடு. உயிரோடு இருந்த காலத்தில் அப்பனுக்கு ஒரு படம் எடுத்துவைக்கத் தோன்றாத மகன்கள், செத்த பிறகு படம் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார்கள். பூதலிங்கம் போய்ப் பிணத்தை நாற்காலியில் சாய்த்து, முதுகுக்குத் தலையணை கொடுத்து, நேரியல் துண்டைச் சுற்றித் தாடைக்கட்டை மறைத்து எடுத்தார். அச்சுப்போடும்போது இமைமேல் மை தொட்டுக் கண்ணையும் திறந்துவிட்டார். மனுஷன் இருந்தபோதுகூட இவ்வளவு களையாக இருந்ததில்லையே என்று ஊர் மூக்கில் விரல் வைத்தது. அன்றைக்குப் பிடித்தது சனி. அதற்குப் பிறகு ஒரு கல்யாண வீட்டார்கூட அவர் கடைப் படி ஏறவில்லை. வழியில் கண்ட கிழவரிடம் மரியாதைக்கு, 'சொகமா இருக்கேளா?' என்று கேட்டால் போதும், அவர் வெலவெலத்துப் போய், 'எனக்கு ஒண்ணும் இல்லப்பா, நல்லாத்தான் இருக்கேன்' என்று நடையைக் கட்டிவிடுவார்.

அந்த மார்கழியில் பூதலிங்கத்தின் மனைவி பிச்சம்மாள் முடிவாகச் சொல்லிவிட்டாள்.

"வாற தையில ஒரு கல்யாண வீட்டுக்காவது ஒங்களக் கூப்பிடணும். இல்லேன்னா இந்தப் பொட்டியக் கெட்டிப் பரண்ல போடுங்க. கோட்டாத்துல எங்க அண்ணன் புண்ணாக்குக் கடையில ஆளு வேணும்னு சொல்லுகான். எனக்கு வெளியில தல காட்ட முடியல்ல. கோயில்ல பிரசாதம் குடுத்தாக்கூட ஒருத்தி என் கையத் தொட மாட்டேங்கா."

பெட்டியைப் பரணில் போடுவதைப் பூதலிங்கத்தால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. காமிராவை அவர் அவ்வளவு நேசித்தார். புண்ணாக்கு மூட்டைக்கு நடுவில் உட்கார்ந்து காலம் தள்ளுவதைவிட யாராவது தன்னையே நாற்காலியில் சாய்த்துப் படமெடுத்துவிட்டால் தேவலை என்று நினைத்தார். இரண்டு நாள் யோசித்ததில் ஒரு வழி தோன்றியது. கடை வாசல் கண்ணாடிப் பெட்டியில் தொங்குவதெல்லாம் மை தொட்ட கண்கள். அங்கே உயிருள்ள ஒன்றைப் பெரிதாக்கி மாட்டிவிட்டால்? ஆனால் உயிருள்ள மனிதர் யார் அவர் காமிராவுக்கு முன் வந்து உட்காருவார்? பெற்றவள் எவளாவது பிள்ளையைத் தருவாளா? பறவைக்குத்தான் அவர் பேர் தெரியாது. சுசீந்திரத்துக்குக் கிழக்கே மேலமங்கலத்துக் குளத்தில் மார்கழிக்கு மார்கழி கூழைக்கடாக்கள் வந்து இறங்கும். தாடைக்குக் கீழே பையைத் தொங்கவிட்டுக்கொண்டு அவை கூட்டமாக மீன் பிடிக்கிற காட்சியைப் பார்த்துச் சிரிக்காதவன் கிடையாது. தெருவில் போகிறவன் நின்று சிரிக்கட்டும், சிரித்தவன் உள்ளே வரட்டும் என்று கணக்குப் போட்டார்.

"கூழைக்கடாவா?" என்றாள் பிச்சம்மாள். "அதுக்கு மூஞ்சியே கெடையாதே."

ஆனாலும் விடியுமுன் எழுந்து, கருப்பட்டிக் காப்பி போட்டுத் தூக்குவாளியில் ஊற்றிக் கொடுத்தாள். குளிர் காதில் ஏறக்கூடாது என்று தலையோடு மப்ளரைச் சுற்றி முடிச்சுப் போட்டாள். இப்படியாக, தலையில் மப்ளர் மூட்டையும் தோளில் பெட்டியும் கக்கத்தில் முக்காலியுமாக பூதலிங்கம் முதல் பஸ்ஸில் ஏறினார். ஏறிய உடனே கண்டக்டர், "எங்க எழவு?" என்று விசாரித்தார். எழவு ஒன்றும் இல்லை என்று இவர் சொன்னதை பஸ்ஸில் ஒருத்தரும் நம்பவில்லை.

மேலமங்கலத்தில் இறங்கினால் கண்ணுக்கு முன்னால் கை நீட்டினால் கை தெரியாத பனி. கும்பப்பூ நெற்பயிர் கதிர் வாங்கி நிற்கிற நேரம். மடை திறக்க மண்வெட்டியோடு வந்த பொன்னுலிங்கம் என்கிற விவசாயி, பனிக்குள்ளிருந்து திடீரென்று முளைத்து எதிரில் நின்றார்.

"ஆரது, போட்டாக்காரர்லா? என்னவே, இவ்வளவு வெள்ளனே?"

பூதலிங்கத்துக்குக் குளிரில் பல் தாளம் போட்டது. உள்ளதைச் சொன்னால் இந்த மனுஷன் சிரித்து ஊரையே கூட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்க வருவான். கூட்டம் வந்தால் பறவை பறந்துவிடும்.

"ஒரு காரியமாட்டு வந்தேன். தயவுசெஞ்சு ஒருத்தர்ட்டயும் மூச்சு விட்டுராதேயும்வே. ஆளு கூடிச்சுன்னா எல்லாம் கெட்டுப்போவும்."

பொன்னுலிங்கத்தின் முகம் விழுந்துவிட்டது. தலையில் கட்டியிருந்த துண்டை மெல்ல அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டார். 'சரி' என்று தலையை மட்டும் ஆட்டிவிட்டு, மடையையும் மறந்து வந்த வழியே திரும்பி நடந்தார். எவ்வளவு அடக்கமான மனிதர் என்று பூதலிங்கம் சந்தோஷப்பட்டார். அந்தச் சந்தோஷம்தான் அவர் அன்றைக்குச் செய்த முதல் தப்பு.

படமெடுக்கிறவனுக்கு வெயில் முதுகுப் பக்கம் இருக்கவேண்டும். எனவே வரப்பு வழியாகக் குளத்தைச் சுற்றிக் கிழக்குப் பக்கம் போய், ஊர்க்கரையைப் பார்க்க நின்றார். குளம் அந்த இடத்தில் ஒடுங்கி வால்போல இருந்தது. பனியும் கொஞ்சம் இளகியிருந்தது. எதிர்க்கரையை ஒட்டி, ஆழமில்லாத தண்ணீரில், அடடா, கூழைக்கடாக்கள்! பனிக்குள் வெள்ளை வெள்ளையாக அவை அசைந்ததைப் பார்த்ததும் அவருக்குக் குளிரே போய்விட்டது. பெண் பார்க்கப் போன அன்றைக்குக்கூட நெஞ்சு இப்படி அடித்துக்கொண்டதில்லை.

ஆனால் தூரம் கூடுதல். இந்தப் பெட்டியால் அங்கிருந்து எடுத்தால் பறவை கடுகளவுக்குத்தான் விழும். முக்காலியைத் தூக்கிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். மார்கழிக் குளத்துத் தண்ணீர் என்றால் என்ன என்பதைக் கணுக்கால் சொன்னது, முழங்கால் கத்தியது, அதற்கு மேல் தண்ணீர் ஏறியபோது பூதலிங்கமே வாய்விட்டு ஒரு சத்தம் போட்டார். கூழைக்கடாக்கள் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, ஆளில் விசேஷம் ஒன்றும் இல்லை என்று மீண்டும் மீனில் கவனம் வைத்தன.

முக்காலியை ஊன்றிக் கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்தால் உள்ளே ஒன்றும் தெரியவில்லை. லென்ஸில் பனி. வேட்டித் தலைப்பால் துடைக்கலாம் என்றால் வேட்டி இடுப்புவரை நனைந்திருக்கிறது. மப்ளரை அவிழ்த்துத் துடைத்தார். மூக்கு ஒழுகியது, அதையும் அதே மப்ளரால் துடைத்து, மறந்துபோய் மறுபடியும் லென்ஸைத் துடைத்தார். விரல்கள் கட்டையாகிவிட்டன. தொடையில் ஏதோ சில்லென்று ஒட்டியது. குனிந்து பார்த்தால் அட்டை. அதைப் பிடுங்கப் பின்வாங்கியபோதுதான் தெரிந்தது, கால் வரவில்லை. இடது காலை இழுத்தால் வலது கால் இன்னும் கீழே போகிறது, வலது காலை இழுத்தால் இடது கால். நாற்று நடுகிற பெண்கள் அநாயாசமாக நடந்துபோகிற சேறு, அவரைத் தொடைவரை பிடித்து வைத்துக்கொண்டது.

சரி, எப்படியும் நகரப் போவதில்லை என்று மனதைத் தேற்றிக்கொண்டு வேலையைப் பார்த்தார். ஒரு கூழைக்கடா கரையோரமாக வாயைத் திறந்து பையை விரித்தது. காமிராவின் பின்கண்ணாடியில் அது தலைகீழாக, ஆனால் தெள்ளத் தெளிவாக விழுந்தது. அந்த இடம் தெளிவாக விழும்படி அளவு வைத்துத் திருகை இறுக்கினார். பிளேட்டைச் சொருகினார். அமுக்கினால் படம் விழுகிற ரப்பர் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு வெயிலுக்காகக் காத்திருந்தார். பனி மெல்லக் கலைந்தது. கிழக்கே வெளுத்தது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று மூச்சை அடக்கிக்கொண்டிருந்தபோது ஊருக்குள்ளிருந்து ஒப்பாரி கிளம்பியது.

ஒரு குரல் அல்ல, ஒரு தெருவே அழுதது. பின்னாலேயே சங்கு ஊதியது. பூதலிங்கத்துக்கு அழுகை வந்தது. இங்கேயுமா? சாவை விட்டு ஓடி வந்து நடுக்குளத்தில் நின்றாலும் சாவு விடாதா? யாராவது கண்டால், 'நல்லவேளை, ஆளு இங்கயே நிக்கேரு' என்று கையோடு கூட்டிப்போய்விடுவார்கள். கறுப்புத் துணியை இழுத்துத் தலைமேல் போட்டுக்கொண்டு அசையாமல் நின்றார்.

ஊருக்குள் நடந்தது அவருக்குப் பின்னால்தான் தெரிந்தது. மேலமங்கலத்தில் பெரிய கையான கோலப்ப பிள்ளை ஒரு மாதமாகப் படுக்கையில் கிடந்தார். பிணப்படம் பூதலிங்கம் விடியுமுன் வந்து, ஒருத்தரிடமும் சொல்லாதே என்றால், அதற்கு அந்த ஊரில் ஒரே அர்த்தம்தான்: கிழவர் ராத்திரி போய்விட்டார், மகன் திருவனந்தபுரத்திலிருந்து வந்து சேருகிறவரை வீட்டார் வெளியில் விடாமல் வைத்திருக்கிறார்கள். பொன்னுலிங்கம் மனைவியிடம் மட்டும் ரகசியமாகச் சொன்னார். அதற்குப் பிறகு ஒரு தெருவுக்குச் செய்தி போக எவ்வளவு நேரம் பிடிக்கும்? பெண்கள் தலைமுடியை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு வந்து பிள்ளை வீட்டு முற்றத்தில் விழுந்தார்கள். சங்கூதுகிறவர் வந்தார். ஆண்கள் பாடைக்கு மூங்கிலே வெட்டிவிட்டார்கள்.

உள்ளே கட்டிலில் கோலப்ப பிள்ளை கண்விழித்துக் கஞ்சி கேட்டுக்கொண்டிருந்தார். பின்கட்டிலிருந்து பதறி ஓடிவந்த மகள் பகவதியம்மாளிடம், "ஏட்டி, ஆரு செத்தது?" என்றார்.

"தெரியல்லியேப்பா."

"நல்ல மனுஷனாத்தான் இருக்கணும். எப்பிடி அழுவுகாளுவ பாரு." பிறகு காதைக் கூர்மையாக்கினார். "அது நம்ம தம்பி பெஞ்சாதி கொரல்லா? வரப்புத் தகராறுக்குப் பொறவு இந்த நடை மிதிக்கல்லியே. அவளே வந்து அழுவுகான்னா செத்தது பெரிய ஆளு."

அந்தத் தம்பி மனைவி அப்போது 'எங்க கோலப்ப மகராசா' என்று பேரைச் சொல்லி நெஞ்சில் அடித்துக்கொண்டாள். ஒரு மாதமாக எழுந்து நிற்காத கிழவர் எழுந்தார். கம்பளியைப் போர்த்துக்கொண்டு, ஊன்றுகோலோடு அவர் முன்வாசலுக்கு வந்தபோது ஒப்பாரி அப்படியே நடுவரியில் அறுந்து நின்றது. சங்கூதுகிறவர் கையிலிருந்த சங்கை முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

எவன் சொன்னான் என்று விசாரணை நடந்தது. விரல்கள் பொன்னுலிங்கத்தைக் காட்டின, பொன்னுலிங்கத்தின் விரல் குளத்தைக் காட்டியது. பிள்ளை கோலை ஊன்றிக் குளத்தை நோக்கி நடந்தார். பின்னால் அவிழ்ந்த முடியும் வெட்டிய மூங்கிலுமாக ஊர் நடந்தது.

கறுப்புத் துணிக்குள்ளிருந்த பூதலிங்கம் சத்தம் நெருங்குவதைக் கேட்டார். துணியை விலக்கிப் பார்த்தால் எதிர்க்கரை முழுக்க ஆட்கள். கூழைக்கடாக்கள் மட்டும், மீன் ருசியில், இன்னும் பறக்காமல் இருந்தன. நடுவில் கம்பளி போர்த்த ஒரு கிழவர், எலும்பும் கோபமுமாக நின்றார்.

"ஏலே! என்னப் படமெடுக்கவால வந்தே?"

"இல்ல பாட்டா!" என்று பூதலிங்கம் குளத்துக்குள்ளிருந்து கத்தினார். "நான் கூழைக்கடாவ எடுக்கவாக்கும் வந்தேன்!"

கரையில் ஒரு முகத்திலும் நம்பிக்கை தெரியவில்லை. புத்தி உள்ள எவனாவது மார்கழி மாதம் இடுப்பளவு தண்ணீரில் நின்று கூழைக்கடாவைப் படமெடுப்பானா? இவர் சொன்னதிலேயே நம்பமுடியாத சொல் இந்த உண்மைதான்.

"கூழைக்கடாவயா?" என்றார் கிழவர். "அதுல எது செத்துப்போச்சுல? அதுக்கு மக்க ஆரும் வந்து ஒன்னக் கூப்பிட்டாளா? சவத்துப்பய மவனே, உசிரோட கெடக்கப்பட்டவனுக்கு ஊரு கூடி மூங்கிலு வெட்டியாச்சுல, ஒன்னால!"

"அப்பா, குளுருது, வீட்டுக்கு வாங்கப்பா," என்று பகவதியம்மாள் கையைப் பிடித்தாள். கிழவர் கையை உதறினார். கோலை ஓங்கி பூதலிங்கத்தைக் குறிபார்த்து வீசினார். வீசிய வேகத்தில் கோல் ஒரு பக்கம் போக, கிழவர் மறுபக்கம் போனார். பனியில் நனைந்த கரைப் புல்லில் கால் வழுக்கி, கம்பளியோடு சறுக்கிக்கொண்டே வந்து, கூழைக்கடாக்களின் நடுவில் தொப்பென்று தண்ணீருக்குள் உட்கார்ந்தார்.

அத்தனை பறவைகளும் ஒரே நேரத்தில் எழும்பின. வெயில் பளீரென்று அடித்தது. கரையில் ஊர் மொத்தமும் 'ஐயோ' என்று வாய் திறந்து நின்றது. நடுவில் கோலப்ப பிள்ளை, நெஞ்சளவு தண்ணீரில், தலையில் ஒரு பாசிக்கொடியோடு, ஒரு கணம் திகைத்துப்போய் உட்கார்ந்திருந்தார். பிறகு என்ன தோன்றியதோ, பல் இல்லாத வாயைத் திறந்து சிரிக்க ஆரம்பித்தார். பூதலிங்கத்தின் கை தானாக ரப்பர் பந்தை அமுக்கியது.

கிழவரை நாலு பேர் அள்ளித் தூக்கினார்கள். பூதலிங்கத்தை மீட்கத்தான் பாடை மூங்கில் பயன்பட்டது. அதைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிச் சேற்றிலிருந்து இழுத்தபோது அவர் வந்துவிட்டார், வேட்டி வரவில்லை. மானத்தைக் காக்க கறுப்புத் துணி இருந்தது.

அவர் வீட்டுக்கு வந்து சேர்ந்த கோலத்தைக் கண்டு பிச்சம்மாள் நேரே அடுப்பைப் பற்றவைக்கப் போனாள். வெந்நீர் போட்டாள், சுக்குக் காப்பி கொடுத்தாள், அட்டைக் கடிக்குச் சுண்ணாம்பு வைத்தாள், இடையிடையே திட்டினாள். பூதலிங்கத்துக்குக் காய்ச்சலைவிடப் பயம்தான் கூடுதலாக அடித்தது. அந்தக் கிழ உடம்பு அந்தக் குளிர்ந்த தண்ணீரைத் தாங்குமா? பிள்ளைக்கு ஒன்று ஆகிவிட்டால், பிணத்தைப் படமெடுக்கிறவன் என்ற பேர் போய், ஆளைப் பிணமாக்கிப் படமெடுக்கிறவன் என்று ஆகும். தை என்ன, எந்த மாதத்திலும் அதற்குப் பிறகு ஒரு கல்யாண வீட்டு வாசலில் நிற்க முடியாது.

காய்ச்சல் விட்டதும் இருட்டறைக்குள் போய் பிளேட்டைக் கழுவினார். கூழைக்கடாக்கள் எல்லாம் வெள்ளைத் தீற்றல்களாகக் கலைந்து போயிருந்தன. ஒன்றுக்குக்கூட மூக்கோ பையோ இல்லை. ஆனால் கூழைக்கடாவுக்காக வைத்த அளவில் கச்சிதமாக வந்து விழுந்த கோலப்ப பிள்ளை, ஒவ்வொரு சுருக்கமும் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். பின்னால் அவிழ்ந்த தலைமுடியோடு அழ வந்தவர்கள் அத்தனை பேரும் திறந்த வாய் மூடாமல் நின்றார்கள். பூதலிங்கம் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். அவருக்கு வேண்டியது ஒரு பறவை, ஒரே ஒரு பறவை.

படத்தை வாங்கிப் பார்த்த பிச்சம்மாள் சிரித்தாள். சிரித்து, மூச்சு முட்டி, சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து மறுபடியும் சிரித்தாள். பிறகு அவரைக் கேட்காமலே கடை வாசல் கண்ணாடிப் பெட்டியில் மாட்டிவிட்டாள்.

"ஏட்டி, எடுத்துரு. பிள்ளைவாள் போய்ட்டாருன்னா நம்மள அடிச்சே கொன்னுருவானுவ."

"போனவரு மாதிரியா இருக்கேரு?" என்றாள் அவள். "இதப் பாத்தா எமனே சிரிச்சுட்டுத் திரும்பிருவான்."

தெருவில் போனவர்கள் நின்றார்கள், சிரித்தார்கள், சேதி மேலமங்கலம் வரை போனது, ஆனால் உள்ளே ஒருத்தரும் வரவில்லை. மார்கழி முடிகிற தருவாயில், ஒரு மத்தியானம், மேலமங்கலத்து வில்வண்டி கடை வாசலில் வந்து நின்றது. பகவதியம்மாள் இறங்கினாள். அவள் முகம் சரியில்லை. பூதலிங்கத்துக்குக் கால் இரண்டும் மறுபடி சேற்றில் புதைந்துவிட்ட மாதிரி இருந்தது.

"ஒங்கள ஒரு வார்த்த கேக்கணுமாம்," என்றாள் பகவதியம்மாள். வண்டிக்குள்ளிருந்து முதலில் ஒரு புதிய ஊன்றுகோல் வெளியே வந்தது. பின்னாலேயே கோலப்ப பிள்ளை வந்தார்.

கிழவர் பூதலிங்கத்தைக் கவனிக்கவேயில்லை. நேரே கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் போய் நின்று, தன் படத்தை நெடுநேரம் பார்த்தார். தம்பி மனைவியின் முகத்தைக் கண்டுபிடித்து விரலால் தட்டிக் காட்டினார். தோள் குலுங்கியது. அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியாமல் பூதலிங்கம் பக்கவாட்டில் எட்டி அவர் முகத்தைப் பார்த்தார்.

"இதுல எனக்கு ஒண்ணு பெருசாப் போட்டுக் குடு மக்கா," என்றார் கிழவர் கடைசியில். "நான் போன பொறவு இதத்தான் மாட்டணும். நாக்காலில சாய்ச்சு வச்சு, தாடையக் கெட்டி, கண்ணுக்கு மையெழுதப்பட்ட சோலியெல்லாம் எனக்கு வேண்டாம், கேட்டியா? பொறவு, வாற தையில பேத்திக்குக் கல்யாணம். பொட்டியத் தூக்கிக்கிட்டு நீதான் வரணும்."

பூதலிங்கத்துக்குக் கண் நிறைந்துவிட்டது. பகவதியம்மாள்தான் பதறினாள்.

"என்னப்பா இது, படம் போடச் சொல்லதுக்குத்தானே வந்தோம்? கல்யாண வீட்டுக்கு இவரையா கூப்பிடுகது? மாப்பிள்ள வீட்டுக்காரங்க என்ன நெனைப்பாங்க? ஊரு என்ன பேசும்?"

கோலப்ப பிள்ளை கோலை ஊன்றி, மகளைத் திரும்பிப் பார்த்தார்.

"ஊரா? ஊரு எனக்கு ஒப்பாரி வச்சு, சங்கூதி, மூங்கிலும் வெட்டி முடிச்சாச்சு. செத்தவன் கடேசியாச் சொன்ன சொல்லுட்டி இது. தட்டிப்பாரு, என்ன ஆவுதுன்னு."